சல்போர்டின் செங்கல் வாயில்

மன்செஸ்டர் நகருக்குச் செல்வோரிற் பலர் உதைபந்தாட்ட மைதானத்தைக் கண்டு திரும்பிவிடுவர். யாமோ இர்வெல் ஆற்றைக் கடந்து, அயல் நகராகிய சல்போர்டுக்குச் சென்றோம். ஆங்கே ஓட்சால் பகுதியில், கொரனேஷன் தெருவில், செங்கல்லாற் கட்டிய பழைய கழகம் ஒன்று உண்டு. ஏழைப் பையன்கள் தெருவில் அலைந்து கெடாதிருக்கும்பொருட்டு, மதுவடிக்குந் தொழில் நடத்திய குரோவ்ஸ் குடும்பத்துச் சகோதரர் இருவர் 1903 இல் இதனை நிறுவினர். (மது விற்ற பணம் மைந்தரைக் காத்தது விந்தையே!) மறு ஆண்டில் இதனைத் திறந்துவைத்தவர் பேடன் பவல்; அப்பொழுது சாரணர் இயக்கம் தோன்றவில்லை.

இன்று இவ்வாயிலை நாடி வருவோர் அவரைத் தேடி வருவாரல்லர். 1985 டிசம்பரில் 'ஸ்மித்ஸ்' என்னும் வாத்தியக் கோஷ்டியினர் நால்வர் இதன் முன் நின்று எடுத்துக்கொண்ட படமே அவர்களை இழுக்கின்றது. அது மறு ஆண்டு வெளிவந்த இசைத்தட்டின் உறையினுள்ளே இடம்பெற்றது.

1982 இல் பதினெட்டு வயதினரான ஜொனி மார், ஸ்ரெற்போர்டிலிருந்த மொறிசியின் வீட்டுக் கதவைத் தட்டினார். இருவரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தோரின் மக்கள். ஒருவர் பாட்டெழுதிப் பாட, மற்றவர் மெட்டமைத்துக் கிதார் மீட்டினார். அன்டி ரூர்க்கும் மைக் ஜோய்சும் உடன் சேர்ந்தனர். பெருங் கம்பனிகளைச் சாராத 'ரஃப் ட்ரேட்' நிறுவனத்தின் மூலம், 1984 முதல் 1987 வரை நான்கு பெரும் இசைத்தட்டுக்கள் வெளிவந்தன. 1987 இல் மார் விலகினார், கோஷ்டியும் முடிந்தது.

பின்னர் எழுந்தது பணப் பிணக்கு. முன்னிருவரும் நூற்றுக்கு நாற்பது வீதம் எடுத்துக்கொள்ள, மற்றையோர்க்குப் பத்துப் பத்தே கிடைத்தது. ரூர்க் ஒரு தொகைக்கு இணங்கி ஒதுங்கினார். ஜோய்சோ நீதிமன்றம் ஏறினார். வேறு உடன்பாடு இல்லாதவிடத்துக் கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்பது 1890 ஆம் ஆண்டுச் சட்டம். 1996 இல் அவருக்குக் காற்பங்கு தீர்க்கப்பட்டது. தீர்ப்பு நேரியது என்பதே எமது எண்ணம். படத்தில் நால்வரும் ஒருங்கேயன்றோ நிற்கின்றனர்! எனினும் வென்றவரும் தோற்றவரும் பின்னர் ஒரு மேடையில் நால்வராய்க் கூடவேயில்லை. 2023 இல் ரூர்க் காலமானார்.

2024 இல் கழகம் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தபொழுது, மொறிசி ஐம்பதாயிரம் பவுண் அளித்தார். கழகம் தப்பியது. உள்ளே ஓர் அறையின் சுவர்களை, வாயிலின் முன் நின்று இரசிகர்கள் எடுத்த படங்கள் நிறைத்திருக்கின்றன.