ஏர் கிரீஸ் கன்: வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

லாரி ஷெட்டுகளில் ஏர் கிரீஸ் கன் வேலையைச் சுலபமாக்கியிருப்பது உண்மை. ஆனால் அதை வேகத்துக்கான கருவியாக மட்டும் பார்ப்பது தவறு. அது முதலில் ஓர் அழுத்தக் கருவி. 50:1 விகிதமுள்ள கன்னுக்கு 8 பார் காற்று கொடுத்தால், கணக்குப்படி முனையில் 400 பார் வரை போகும். கிங் பின்னுக்கு அது நல்லது: புது கிரீஸ் ஏற ஏற, மண் கலந்த பழையது வெளியே பிதுங்கும். சீல் போட்ட பேரிங்குக்கோ அதே அழுத்தம் ஆபத்து.

"கிரீஸ் கூடினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பார்கள். வேகமாகச் சுழலும் பேரிங்கில் திணித்த கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும். சீல் விலகினால் தூசி புகும். கையால் அடிக்கும் கன்னில் லீவர் இறுகுவது உள்ளங்கைக்குத் தெரியும், ட்ரிகரில் தெரியாது. எனவே அத்தகைய இடங்களுக்குக் கைக் கன்னே சரி. "கன்னைப் பராமரிக்க நேரமில்லை" என்பதும் நிற்காத வாதம். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய நீரைத் தினமும் வடிப்பது, நிப்பிளைத் துடைப்பது, ஏர் லைனில் சில சொட்டு எண்ணெய் விடுவது எல்லாம் சில நிமிட வேலை. காற்று வரத்தை நிறுத்தி அழுத்தத்தை இறக்காமல் ஹோஸைக் கழற்றக் கூடாது. அழுத்தத்தில் பீறிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே போன கிரீஸ் ஊசிக்குத்துப்போலத்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஏர் கன்னால் மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சத்தைக் கருவிக்கே செலவிடுவதுதான் லாபம்.