‘நான்’ என்று அடிக்க

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். ஆனால் என்னுடையது மட்டும் எல்லாருக்கும் பொது. பையன் கேம் ஆடுவான், மாமியார் சீரியல் பார்ப்பார், கணவர் “யாரு மெசேஜ்?” என்று எடுப்பார். அதில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பு ஒன்றை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் சத்தமாக வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன்: அழைப்பு வராத, வேறு யாருக்கும் தேவைப்படாத ஒரு கருவி எனக்கு வேண்டும்.

நான் கணினி ஆசிரியை. சால்டரிங் தெரியும். 65 மி.மீ. நீளமே உள்ள ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ வாங்கினேன். “தம்பிக்கு புராஜெக்டாக்கா?” என்றார் கடைக்காரர். “அக்காவுக்கு” என்றேன்.

திரைக்குத்தான் அலைச்சல். முதலில் 4 அங்குல வண்ணத் திரைப்பலகை. படம் அழகு. ஆனால் பையின் 40 முனைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொண்டது. நிலக்கோட்டை பஸ்ஸில், மத்தியான வெயிலில், அதில் என் முகம்தான் தெரிந்தது. மின்தாள் திரை வெயிலில் புத்தகம் மாதிரி இருந்தது. ஆனால் நான் ஒரு சொல்லை முடித்த பிறகே முதல் எழுத்து வந்தது. கடைசியில் 2.7 அங்குலக் கறுப்பு வெள்ளை மெமரி எல்சிடி, 400×240 புள்ளிகள். வெயில் ஏற ஏறத் தெளிவு, மின்சாரமும் சொற்பம். ‘ணை’யின் சுழிகள் அடைபடாதிருக்க எழுத்தைப் பெரிதாக்கினேன். ஏழெட்டு வரிதான் தெரியும். போதும். பின்விளக்கு இல்லை, இரவில் அடுப்படி விளக்கில் உட்கார்ந்துகொள்கிறேன்.

விசைகளுக்கு, பிளாக்பெர்ரி போனின் விசைகளை வைத்துச் செய்த பலகை. கட்டைவிரலுக்கு இதம். ஆனால் எழுத்து விசைகள் 26தான். நமக்கோ உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறை, மிச்சம் ஐந்தை நிறுத்தக்குறி விசைகளில் வைத்தது: ச, ஞ, ந, ய, ழ. என் பலகையில் ந, ய, ழ மூன்றும் ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தினால் வரும். ச, ஞ இரண்டுக்கும் உரிய சதுர அடைப்புக்குறிகள் விசைகளில் அச்சிடப்படவே இல்லை.

ஆக, ‘சமையல்’ என்று அடிக்க வழியில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ‘நான்’ என்று அடிக்கும்போதெல்லாம் முதலில் இன்னொன்றை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளியே நான் பழகிய வழக்கம்தான் அது. இங்கேயுமா?

லினக்ஸில் தமிழ்99 என்பது எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் ஒரு கோப்பு. திறந்து திருத்தினேன். ஔவை ஆல்ட்டுக்கு அனுப்பி, அந்த இடத்தில் ந. ச, ஞ இரண்டுக்கும் ஆல்ட்டில் வேறு இடம் கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது: எனக்கு இடம் விட்டு நகர்ந்தவள் ஔவை. அடுத்த பலகையை நானே வரையப்போகிறேன். அதில் 31 விசைகள் இருக்கும்.