வெட்டியவனும் காத்தவர்களும்

திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை வெட்டியது யார் என்று கேட்டால், முதலாம் ராஜராஜ சோழன் என்ற பதில் உடனே வருகிறது. அந்தப் பதிலுக்கு எவ்வளவு வலுவிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியதுதான் என் தேடல். உய்யக்கொண்டான் என்பது ராஜராஜனின் (985–1014) பட்டங்களுள் ஒன்று. அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவிலிருந்த நாடும் உய்யக்கொண்டார் வளநாடு என்றே வழங்கியது. நகரின் மேற்கேயுள்ள உய்யக்கொண்டான் திருமலையைத் தேவார மூவரும் கற்குடி என்றுதான் பாடினார்கள். ஆகவே மூவர் காலத்துக்குப் பிறகே அந்த மலை இந்தப் பெயரைப் பெற்றிருக்க வேண்டும். இவையெல்லாம் சோழர் காலத்தையே சுட்டுகின்றன. ஆனாலும் பெயர் சூட்டிய காலத்தில்தான் முதல் மண்வெட்டி விழுந்தது என்று இவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே இருந்த வாய்க்காலை அகலப்படுத்தி, அரசன் பெயரை இட்டிருக்கவும் கூடும்.

வெட்டியது யார் என்பதைவிட, அது எப்படி இன்னும் ஓடுகிறது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரைக் கடந்து, சுமார் 70 கிலோமீட்டர் சென்று வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது இந்த வாய்க்கால். ஆற்று நீர் வண்டலோடுதான் வரும். தூர்வாராமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. எனவே இந்த வாய்க்கால் ஆயிரம் ஆண்டாக ஓடுவது ஒருவன் வெட்டியதற்கு மட்டும் சான்றல்ல. தலைமுறை தலைமுறையாகப் பலர் தூர்வாரியதற்கும் சான்று. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிக்கும் வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்த முறையைச் சொல்கின்றன. அது வேறு ஊர், வேறு நீர்நிலைதான். ஆயினும் ராஜராஜனுக்கு முன்பே நீரைக் காப்பது ஊர்ப் பொறுப்பாக இருந்ததை அது காட்டுகிறது. ஊரார் உழைப்பால் நீர்நிலைகளைப் பராமரித்த, குடிமராமத்து என்று நாம் அறிந்த வழக்கமும் அந்த வகையைச் சேர்ந்ததே. 1858இல் மதராஸ் மாகாணத்தில் அந்த உழைப்பு சட்டக் கட்டாயமாக்கப்பட்டது.

வயலே இல்லாத நகரவாசிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கரையில் நடைபாதை வந்தபின் காலையிலும் மாலையிலும் அங்கே நடக்கிறவர்களும் அந்த நீரின் பயனாளிகள்தான். சிட்டிசன்ஸ் ஃபார் உய்யக்கொண்டான் போன்ற குடிமக்கள் குழுக்கள் அதை உணர்ந்தே குப்பை அகற்ற இறங்கின. ஆள் நடமாட்டமுள்ள கரையில் குப்பை கொட்டவும் ஆக்கிரமிக்கவும் எவரும் தயங்குவார்கள். எனவே கரையில் நடந்து மகிழ்வதே ஒரு காவல். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் நாம் வணங்கும் அதே காவிரிதான் இந்த வாய்க்காலிலும் வருகிறது; அதைச் சாக்கடையாக விட்டுவிட்டு ஆற்றுக்கு மட்டும் காப்பரிசி படைப்பது முறையாகாது.

தன்னார்வலர்கள் இறங்கினால் அரசு ஒதுங்கிக்கொள்ளும் என்பது நியாயமான அச்சம். கழிவுநீர் கலப்பதை எந்த மக்கள் குழுவாலும் தடுக்க முடியாது. அது மாநகராட்சியின் வேலை. மதகும் கரையும் நீர்வளத்துறையின் பொறுப்பு. மக்கள் செய்யக்கூடியது, அந்த வேலை நடக்கிறதா என்று விடாமல் கேட்பது. நடைபாதைக்காகக் கரையை நெருக்கினால் பாசனம் கெடும் என்று விவசாயிகள் சொல்வதும் சரியே; வாய்க்காலின் முதல் வேலை 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்கு நீர் கொண்டுபோவதுதான். பழைய குடிமராமத்தை அப்படியே மீட்கவும் கூடாது. அதில் மண் சுமந்தவர்களில் பலருக்குச் சொந்த நிலமில்லை; முடிவெடுக்கும் இடத்திலும் அவர்கள் இல்லை.

ஆகவே இன்று வேண்டியது, கரையில் நடப்பவர்களும் கடைமடை விவசாயிகளும் துப்புரவுப் பணியாளர்களும் சமமாக அமரும் ஒரு வாரியம். கோடையில் வாய்க்காலில் நீர் நிறுத்தப்படும் மாதங்களில், தலைப்பிலிருந்து ஏரிவரை எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே சாக்கடை கலக்கிறது என்று அவர்கள் ஒன்றாகப் பார்த்து, பட்டியலிட்டு, அரசிடம் கணக்குக் கேட்க வேண்டும். பெயர் சூட்டிய அரசனை ஒரு கல்வெட்டு நினைவில் வைத்திருக்கும். வாய்க்காலை ஓடவைக்க, ஆண்டுதோறும் பொறுப்பேற்கும் மக்கள் வேண்டும்.