'இல்லை' என்று சொல்லும் உரிமை

செம்பவாங்கில் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற வாரம் நான் செய்த தவறொன்றை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

கணினி அறையில் கட்டுரைக்குத் தகவல் தேடிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஆசிரியர், இணைய முகவரியைத் தமிழிலேயே தட்டலாமா?" என்று கேட்டான். "முடியாது, ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்" என்றேன். அதிகம் பேசாத பிள்ளை அவன். அன்று வேறெதுவும் கேட்கவில்லை.

மாலையில் கணினித் துறையில் பணியாற்றும் என் கணவரிடம் இதைச் சொன்னேன். "'.சிங்கப்பூர்' என்று முடியும் தமிழ் முகவரிகளுக்கு 2011லேயே வழி செய்துவிட்டார்களே!" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பல மொழி முகவரிகளுக்கான முயற்சியே 1998இல் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டான் டின் வீயின் வழிகாட்டுதலில் உருப்பெற்றது. 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி நா. கோவிந்தசாமியோ, நான் பயிற்சி பெற்ற தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். இவ்வளவு அருகில் நடந்ததை அறியாமலே 'முடியாது' என்றிருக்கிறேன்.

பெயர் தேடும் முறையையும் கணவர் விளக்கினார். எல்லா முகவரிகளையும் அறிந்த ஒற்றைக் கணினி உலகில் எங்கும் இல்லை. முதலில் கேட்கப்படும் மூலக் கணினிக்கு '.சிங்கப்பூர்' யார் பொறுப்பில் உள்ளது என்பது மட்டுமே தெரியும். "அங்கே கேள்" என்று வழிகாட்டும். அங்குள்ள கணினி அடுத்த இடத்தைக் காட்டும். இறுதியில் உரிய எண் முகவரி கிடைக்கும். தமிழ்ப் பெயர் அப்படியே பயணம் செய்வதில்லை. 2003இல் வகுக்கப்பட்ட 'பியூனிகோட்' முறைப்படி ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த வடிவத்திற்கு மாறிச் செல்கிறது. பாட்டி 'தேக்கா' என்பார், ரயில் நிலையப் பலகை 'லிட்டில் இந்தியா' என்னும். இறங்கும் இடம் ஒன்றுதான் அல்லவா?

அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தைத்தது. "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று முடிவாகச் சொல்லும் உரிமை, அந்தப் பெயர்ப் பகுதிக்குப் பொறுப்பான கணினிக்கு மட்டுமே உண்டாம். மற்றவை அறிந்தவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். தாமாக மறுக்கக் கூடாது.

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அந்த மாணவன் மெல்லக் கை உயர்த்தினான். "அப்படியென்றால் என் பெயரிலும் ஒரு முகவரி வாங்கலாமா, ஆசிரியர்?"

"எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடம் கேட்பதென்று தெரியும். வா, சேர்ந்தே தேடுவோம்" என்றேன்.

பெற்றோர்களே, சக ஆசிரியர்களே, பிள்ளைகளின் கேள்விக்கு விடை தெரியாதபோது நாமும் இப்படிச் சொல்லிப் பார்ப்போமே. தெரியாது என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு உணர்த்த ஒரு சிறுவனின் மௌனம் தேவைப்பட்டது.