எச்சம் காட்டிக்கொடுத்த குடித்தனம்

அன்புள்ள ஜெயந்தி,

ஊர்வம்பு கேட்காவிட்டால் உனக்குச் சோறு இறங்காதே. இந்தத் தடவை வம்பு அண்டார்க்டிகாவிலிருந்து. சிரிக்காதே, கேள்.

எம்பரர் பெங்குவின்கள் கடல்மேல் உறைந்து கிடக்கும் பனியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பவை. ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் மாதக்கணக்காக நின்றால் என்ன ஆகும்? தரையெல்லாம் எச்சம்! வெள்ளை வேட்டியில் வெற்றிலைச் சாறு சிந்தின மாதிரி அந்தக் கறை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துவிடுகிறது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வேயின் பீட்டர் ஃப்ரெட்வெல்லும் சகாவும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் கறையைத் தேடியே கரையோரம் முழுக்கச் சுற்றினார்கள். 2009-இல் 38 இடங்கள் அகப்பட்டன. அதில் 10 புதியவை. 2024-இல் கணக்கு 66. துப்பறிய எச்சம் போதும், பார்!

நானும் ராத்திரி அடுப்படியை ஒழித்துவிட்டு செயற்கைக்கோள் படம் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். காசு கிடையாது. தேதியை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அதில் வரும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர், தனிப் பறவை தெரியாது. யார் குடியிருக்கிறார்கள், யார் காலி செய்தார்கள் என்பது தெரிந்தால் நமக்குப் போதாதா?

ஹாலி விரிகுடா கதையைக் கேள். உலகத்திலேயே இரண்டாவது பெரிய குடியிருப்பாக இருந்தது அது. 2016-இல் பனி சீக்கிரமே உடைந்துபோனது. அதிலிருந்து மூன்று வருஷம் அங்கே குஞ்சு பிழைத்ததே அபூர்வம். அதே சமயம், சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி டாசன்-லாம்ப்டன் என்ற சின்னக் குடியிருப்பு பத்து மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. எங்கே போனார்கள் என்று இனிமேல் கேட்பாயா? இதில் வேடிக்கை, அங்கே இருந்த மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. பனித்திட்டில் விரிசல் வருகிறதென்று ஹாலி ஆய்வு நிலையத்தையே 23 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய் வைத்தார்கள்.

2022 சமாசாரத்தைத்தான் வம்பாகச் சொல்ல மனசு வரவில்லை. பெலிங்ஸ்ஹாசன் கடலோரம் ஐந்து குடியிருப்புகள். குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பராவது ஆகும். அதற்கு முன்பே நான்கு இடங்களில் பனி போய்விட்டது. கறை இருந்த இடத்தில் தண்ணீர். குஞ்சுகள் தப்பியிருக்க வழியில்லை. படம் பார்த்தே விலங்குகளைக் காப்பாற்றிவிடலாம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கடல் சூடாவதைப் படம் எப்படி நிறுத்தும்? ஆனால் ஆள் அரவமே இல்லாத இடத்தில் நடந்தது இது. படம் இல்லாவிட்டால் நடந்ததே யாருக்கும் தெரியாது. நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்களுக்குத்தான் சௌகரியமாகப் போயிருக்கும்.

நீயும் பார். ஜூன், ஜூலை போடாதே, ஒரே இருட்டு. அக்டோபர், நவம்பரில் மேகமில்லாத நாளாகத் தேடி எடு. டாசன்-லாம்ப்டனில் கூட்டம் எப்படி இருக்கிறதென்று எழுது. அப்படியே உன் நாத்தனார் பெண் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பதையும் ஒளிக்காமல் எழுது.

உன்,
வசந்தா