பிளாக்மூர்: ஒரு தொடராட்டத்தின் நாட்குறிப்பு

1969, மினசோட்டா

நெப்போலியன் காலத்துப் போரைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்காக அமெரிக்காவின் மினசோட்டா மாநில இளைஞர்கள் சிலர் கூடியிருந்தார்கள். ஆட்டத்தை நடத்தியவர் டேவிட் வெஸ்லி. களம், பிரஷ்யாவில் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத்தளபதிகள் இருவர் போதும்; வந்தவர்களோ ஏராளம். ஒருவரை ஊர் மேயராக்கினார் வெஸ்லி, ஒருவரை வங்கிக்காரராக்கினார், இன்னொருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். ஆளுக்கொரு ரகசிய நோக்கமும் கொடுத்தார். சற்று நேரத்தில் மேஜையருகே யாரும் இல்லை. மூலைக்கு மூலை நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கே சவால் விட்டுக்கொண்டார்கள். அதற்கு விதி ஏதும் இல்லாததால் வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கினார்.

ஆட்டம் கெட்டுப்போனதாகவே அவர் நினைத்தார். ஆடியவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டு நின்றார்கள்.

நடுவருக்கு இவ்வளவு அதிகாரம் வெறும் துணிச்சலால் வந்துவிடவில்லை. சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்னும் போர் விளையாட்டு நூலை வெஸ்லி பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்திருந்தார். ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், நடக்குமா நடக்காதா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்து கிடைத்தது.

1970

பிரவுன்ஸ்டைன் வரிசையில் இன்னொன்று, லத்தீன் அமெரிக்கக் குட்டி நாடு ஒன்றில் நடக்கும் புரட்சி. டேவ் ஆர்னசன் என்ற வரலாற்று மாணவர் போலி சி.ஐ.ஏ. அடையாள அட்டையோடு வந்து எல்லோரையும் நம்ப வைத்தார். விதிகளில் எங்கும் இல்லாத தந்திரம் அது. வெஸ்லி ராணுவப் பணிக்குப் போக நேர்ந்தபோது, நடுவர் நாற்காலியில் இந்த ஆர்னசன் வந்து உட்கார்ந்தார்.

1971 ஏப்ரல் 17, செயின்ட் பால்

ஆர்னசன் நடத்திவந்த செய்திமடலில் அன்றைய ஆட்டத்துக்கு ஓர் அறிவிப்பு வந்திருந்தது: தன் வீட்டில் பகல் ஒரு மணியிலிருந்து நள்ளிரவு வரை இடைக்காலத்துப் பிரவுன்ஸ்டைன், புராண உயிரினங்கள் உண்டு, பூதத்தின் பாலத்துக்கு அடியில் சீட்டாட்டமும் உண்டு.

இதற்கு முன்னால் ஒரு வார இறுதி முழுவதும் தொலைக்காட்சியில் பூதப் படங்களைப் பார்த்தபடி, கோனன் கதைகளைப் படித்தபடி, பாப்கார்னைக் கொறித்தபடி கிராஃப் தாளில் கிறுக்கிக்கொண்டிருந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். பெற்றோர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த மேஜையில் பிளாஸ்டிக் கோட்டை ஒன்று எழுந்தது. அதைச் சுற்றி ஓர் ஊர், அதற்கு அடியில் அடுக்கடுக்காக நிலவறைகள். பிளாக்மூர் என்று பெயர் வைத்தார்.

ஆடும் முறை எளிது. நண்பர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். நடுவர் எதிரில் இருப்பதைச் சொல்வார். கதவைத் திறப்பதா, திரும்பி ஓடுவதா என்று அவர்கள் சொல்வார்கள். சந்தேகமானதைப் பகடை தீர்க்கும். அன்றிரவு வென்றவர் என்று யாரும் கிடையாது. விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும்.

1971, அதன் பிறகான மாதங்கள்

அந்த ஆண்டு வெளியான ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதி நூலை ஆர்னசன் எடுத்துப் பார்த்தார். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதியது. அதன்படி ஓர் அடி விழுந்தால் சிப்பாய் காலி. நூறு பொம்மைகள் நிற்கும் களத்தில் அது சரி. ஒரு மனிதனுக்குப் பெயர் வைத்து, வாரக்கணக்கில் அவனாகவே பேசி நடந்த நண்பனிடம், பகடை சரியாக விழவில்லை, நீ செத்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? ஆடியவர்கள் தங்கள் பாத்திரங்களை இழக்க விரும்பவில்லை. ஆர்னசன் இரும்புக் கவசக் கப்பல்களின் போருக்கென்று தான் வைத்திருந்த விதிகளைப் புரட்டினார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது. எவ்வளவு சேதம் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மனிதர்களுக்கு மாற்றினார். இன்று உலகம் முழுவதும் கணினி விளையாட்டுகளில் ஓடும் உயிர்ப்புள்ளிகள், ஒரு நண்பர் கூட்டம் தன் பாத்திரங்கள் மேல் வைத்த பாசத்தால் வந்தவை.

நீண்ட ஆட்டத்துக்கு அடித்தளம் இதுதான். பாத்திரம் பிழைத்தால்தான் அதற்கு நேற்று என்று ஒன்று இருக்கும். கிரெக் ஸ்வென்சனின் ‘கிரேட் ஸ்வெனி’ நிலவறைக்குள் போய் உயிரோடு திரும்பி, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தான். கோட்டைப் பிரபுவாக ஆடிய டேவிட் ஃபான்ட் இரத்தக்காட்டேரியாக மாறினார். மாறிய பிறகும் ஆட்டத்தை விட்டு விலகாமல் ‘சர் ஃபாங்’ என்ற பெயரில் தன் நண்பர்களையே வேட்டையாடினார். அவரைத் தடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஊர்ப் பாதிரியாராக ஆடிய மைக் கார் அதற்குக் கிடைத்தார். இந்த வகை ஆட்டங்களில் இன்றும் தெய்வ அருளால் பேயோட்டும் பாத்திரம் ஒன்று உண்டு. அது ஒரு மேஜையில் எழுந்த அவசரத் தேவைக்காகப் பிறந்தது.

புதையலுக்கும் ஆர்னசன் ஒரு பிடி வைத்திருந்தார். கண்டெடுத்த பொன்னைப் பூட்டி வைத்தால் பாத்திரம் வளராது. மது, புகழ், மதம், பொழுதுபோக்கு என்று அவனவன் மனம் எதில் கிடக்கிறதோ அதில் செலவழித்தால்தான் அனுபவம் கூடும். நிலவறையில் மட்டும் உயிர் வாழ்ந்த வீரன் இதனால் ஊருக்குள் வந்தான், வீடு கட்டினான், கடன்பட்டான், எதிரிகளைச் சம்பாதித்தான். நடுவருக்கு அடுத்த வாரத்துக்கான கதை தானாகவே கிடைத்தது. ஆர்னசனின் விதிகளில் இதற்கு இணையான நுட்பம் வேறில்லை.

1972

நிலவறைக்குள் புதையல் தேடுவதிலேயே வீரர்கள் மூழ்கிப்போனார்கள். மேலே கோட்டையைக் காக்க ஆளில்லை. தீய படைகள் வந்தன. அந்தப் பக்கமும் நண்பர்களே ஆடினார்கள். பிளாக்மூர் விழுந்தது.

வேறொரு நடுவராக இருந்தால் மனமிரங்கி, அது கனவு என்று சொல்லியிருக்கலாம். ஆர்னசன் அப்படிச் செய்யவில்லை. கோட்டையைப் பறிகொடுத்த வீரர்களை லாக் குளூமன் என்ற தொலைதூர ஏரிப்பகுதிக்கு நாடு கடத்தினார். இந்த ஆட்டத்தின் முழுக் கதையிலும் மிகச் சிறந்த தீர்ப்பு இது. ஆடுபவர் செய்ததும் செய்யாமல் விட்டதும் அந்த உலகத்தில் தங்கிவிடும் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது.

ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில் அந்த உலகத்தை உயிரோடு வைத்திருந்தது காகிதம். ‘பிளாக்மூர் கெசட் அண்ட் ரூமர்மாங்கர்’ என்று ஊர்ப் பத்திரிகை ஒன்றை ஆர்னசனே எழுதி வெளியிட்டார். யார் எங்கே போனார், எந்தப் படை நகர்கிறது, கூடவே வதந்தி. ஜூலை மாதம், ‘டூம்ஸ்டே புக்’ என்ற இடைக்காலப் போர் ஆர்வலர் இதழின் 13ஆம் இதழில் பிளாக்மூரைப் பற்றி அவர் எழுதியது வரைபடத்தோடு அச்சானது.

1972 இலையுதிர் காலம், லேக் ஜெனீவா

ஆர்னசனும் நண்பர் டேவ் மெகரியும் விஸ்கான்சினுக்குக் காரில் போனார்கள். 1969இல் ஜென்கான் என்ற விளையாட்டு மாநாட்டில் பழக்கமான கைகாக்ஸின் வீட்டில் பிளாக்மூரை நடத்திக் காட்டினார்கள். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து செருப்புத் தைத்துக் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தவர் கைகாக்ஸ். ஆடி முடித்ததும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கிரேஹாக் என்று தனக்கொரு கோட்டையையும் நிலவறையையும் வரைந்தார்.

முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலீஸும். அவர்கள் கண்ட முதல் புதையல், 3,000 செப்புக் காசுகள் நிறைந்த பெட்டி. தூக்க முடியாத கனம். பிள்ளைகளைப் படுக்க அனுப்பிவிட்டு அப்பா உடனே இரண்டாம் தளத்தை வரையத் தொடங்கினார். அடுத்து டான் கே, ராப் குண்ட்ஸ், டெரி குண்ட்ஸ். பிறகு கூட்டம் பெருகி, ஒரே அமர்வில் 20 பேருக்கு மேல் கீழ்த்தளத்தில் நெருங்கி உட்கார்ந்த நாளும் வந்தது. தனியாளாகச் சமாளிக்க முடியாமல் ராப் குண்ட்ஸைத் துணை நடுவராக்கினார் கைகாக்ஸ்.

1974 ஜனவரி

இந்த ஆட்டத்தின் விதிகள் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளியாயின. மரத்தின் ரேகை அச்சிட்ட பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், 1,000 பிரதிகள். அட்டையில் கைகாக்ஸ், ஆர்னசன் இருவர் பெயரும் இருந்தன. பின்னால் ஆர்னசன் தொடுத்த உரிமைத்தொகை வழக்கு வந்தது. 1979இல் தொடங்கி 1981இல் சமரசமானது. அதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1977

ஆர்னசனின் ‘தி ஃபர்ஸ்ட் ஃபேன்டஸி கேம்பெய்ன்’ அச்சில் வந்தது. ஒழுங்குபடுத்திய நூல் அல்ல. படைப் பட்டியல், நிலவறை வரைபடம், விலை விவரம், பாதியில் நின்ற குறிப்பு எல்லாம் கலந்து கிடக்கின்றன. உள்ளே போனவர் வெளியேற முடியாத ‘கம்பேக் இன்’ என்ற விடுதியும் அதில் உண்டு: வாசலைத் தாண்டினால் மறுபடி உள்ளேயே நுழைந்துகொண்டிருப்பார். ஒழுங்கில்லாமல் இருப்பதே அந்த நூலின் பெருமதிப்பு. நண்பர்களோடு ஆட்டம் நடத்தியவரின் மேஜை உண்மையில் எப்படி இருந்தது என்பதை வேறெந்தப் புத்தகமும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டுவதில்லை.

2009 ஏப்ரல் 7

ஆர்னசன் காலமானார். கைகாக்ஸ் 2008 மார்ச் 4 அன்றே மறைந்திருந்தார். கடைசி ஆண்டுகளில் ஃபுளோரிடாவில் மாணவர்களுக்கு விளையாட்டு வடிவமைப்பு கற்பித்துவந்தவர் ஆர்னசன்.

முதல் நிலவறைப் பயணம் எந்தக் குளிர்காலத்தில் நடந்தது என்பதில் உடன் ஆடியவர்களின் நினைவுகளே ஒத்துப்போவதில்லை. தேதியோடு நிற்பவை அந்தப் பழைய செய்திமடல்களும் கையெழுத்துக் குறிப்புகளும் மட்டும்தான். ஆகவே, இன்று நண்பர்களைக் கூட்டி இப்படியொரு ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரைபடத்தையும் வதந்திப் பட்டியலையும் செத்துப்போன பாத்திரங்களின் தாள்களையும் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, ஆடியவர் பெயரையும் எழுதி, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.