மன்னார்க் கரையோரம் – 4: சோளகக் காற்றில் அடைகாக்கும் குருவி

சென்ற பகுதியைக் கட்டுக்கரைக் குளத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மன்னார்த் தீவை நோக்கி வரும் சாலையின் இருபுறமும் விரிந்து கிடப்பது வங்காலைக் களப்பு. 2008ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010ல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நிலம். மார்கழி, தை மாதங்களில் இந்தச் சாலையில் நின்றால் போதும். பறவைகளைத் தேட வேண்டியதில்லை. ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் ஆயிரக்கணக்கில் மிதக்கும். கருவால் மூக்கன்கள் வரிசை கட்டி நிற்கும். பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேயும். கொழும்பிலிருந்து வேன்கள் வந்து நிற்கும்.

நான் போனது வைகாசியில். களப்பில் பாதிக்கு மேல் வற்றி, சேறு வெடித்து, உப்புப் பூத்துக் கிடந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டிய அண்ணர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப என்னத்தைப் பார்க்க வந்தனீங்கள்? வந்த குருவியெல்லாம் போட்டுதே.”

போகாத குருவி ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை. அங்கங்கே சிவந்த உமரிச் செடிகள். நாலைந்து கழுதைகள். வேறொன்றும் இல்லை.

போனவை எங்கே போயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னாருக்குத் தெற்கே இலங்கை முடிந்தால் பிறகு அண்டார்டிகா வரை வெறும் கடல்தான். ஆர்க்டிக்கிலிருந்து இறங்கிவரும் மத்திய ஆசிய வான்வழிக்கு இங்கே தரை தீர்ந்துவிடுகிறது. முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்லும் இந்த வழியை 182 வகை நீர்ப்பறவைகள் பயன்படுத்துகின்றன. 2021ல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஹியூக்ளின் கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் செயற்கைக்கோள் கருவி பூட்டிப் பறக்கவிட்டார்கள். மேகா என்று பெயர் சூட்டப்பட்ட பறவை இந்தியாவைக் கடந்து, ரஷ்யாவின் வட எல்லையில் உள்ள யமால் தீபகற்பம் வரை ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்தது. பனி உருகும் அந்தத் தூந்திராவில்தான் அது முட்டையிடும். மன்னார் மீன்வாடியில் பொறுக்கித் தின்னும் பறவைக்கு அப்படியொரு சொந்த ஊர் இருக்கிறது என்று கருவி சொல்லித்தான் ஆதாரத்தோடு தெரிந்தது. அந்தச் செய்தி வந்தபோது நானும் எல்லோரையும் போல வரைபடத்தை வைத்துக்கொண்டு வியந்தேன்.

ஆனால் வியப்பெல்லாம் விருந்தாளிக்கே போய்விடுகிறது. அதே உப்புத்தரையில், அதே சோளகத்தில், மன்னாரை விட்டு எங்கும் போகாமல் குஞ்சு பொரிக்கிற ஒரு சின்னப் பறவையை 2023 வரை உலகம் தனி இனமாகக்கூடக் கணக்கில் வைக்கவில்லை.

அது உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது. மேலே மணல் நிறம், கீழே வெள்ளை. குடுகுடுவென்று நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, ஒன்றைக் கொத்திவிட்டு மீண்டும் ஓடும். 1915ல் எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட், ஆனி ஜாக்சன் என்ற இரு பறவையியலாளர்கள் இதற்கு ‘சீபோமி’ என்று பெயர் வைத்தார்கள். உப்புக்கொத்தி, உள்ளான் இனங்களின் முட்டைகளைத் தேடி 1875ல் ரஷ்யாவின் பெச்சோரா ஆற்றங்கரை வரை போன ஹென்றி சீபோம் நினைவாக வைத்த பெயர். ஆனால் ஐரோப்பாவிலிருந்து சீனம் வரை பரவிக் கிடக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாகவே நெடுங்காலம் இது எண்ணப்பட்டது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் இதுவும் ஒரே கரையில் மேயும்போது, சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

வேறுபாட்டைக் கண்டது ஜூட் ஜனித் நிரோஷன், சம்பத் செனவிரத்ன முதலிய இலங்கை ஆய்வாளர்களும் சீன, பிரித்தானிய ஆய்வாளர்களும் சேர்ந்த குழு. மன்னார் போன்ற இடங்களில் பறவையைப் பிடித்து அளந்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பழைய தோல்களோடு ஒப்பிட்டார்கள். மரபணுவைப் படித்தார்கள். இறக்கையும் வாலும் அலகும் குட்டை, காலின் நிறம் வேறு, ஆணின் தலைக்கோலம் வேறு. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி வழியில் வந்த பறவை என்று ‘ஐபிஸ்’ ஆய்விதழில் 2023ல் எழுதினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே குஞ்சு பொரிக்கும் பறவை இது. இராமர் பாலத்தின் இரு கரைக்கும் உரியது என்பதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். பன்னாட்டுப் பறவைப் பட்டியலும் ஏற்றுக்கொண்டது.

களப்போரத்தில் எனக்கு வழிகாட்ட வந்தவர் பேசாலைக்காரத் தம்பி ஒருவர். கடலோடிக் குடும்பம். கள ஆய்வுகளுக்குத் துணையாகப் போய்ப் பழகியவர். ஆட்டோவை மேட்டிலேயே நிறுத்தச் சொன்னார்.

“உதுக்கு அங்கால வாகனம் விடக்கூடாது அண்ணே. நடக்கேக்கையும் என்ர காலடியிலயே கால வையுங்கோ.”

அவர் அடிச்சுவட்டில் நடந்தேன். ஓரிடத்தில் நின்று, தொலைநோக்கியைத் தாங்கியில் பொருத்தி, குனிந்து சரிபார்த்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மணலில் இரண்டு கறுப்புப் பொட்டுகள் அசைந்தன. கண்ணும் நெற்றிப் பட்டையும். பறவை உட்காரவில்லை, கால்களை அகற்றி நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலுக்குள் மூன்று முட்டைகள். கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. உள்ளங்கையில் பாதியளவு பள்ளம், அதில் உடைந்த சிப்பித் துண்டுகள். முட்டையின் மேல் கறுப்புக் கிறுக்கல்கள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தால் அந்த இடமே தொலைந்துபோனது.

பிற பறவைகள் முட்டையைச் சூடாக்க அடைகாக்கும். இங்கே வேலை தலைகீழ். நண்பகல் வெயிலில் அந்தத் தரையில் முட்டையை அரைமணி நேரம் விட்டால் கரு வெந்துவிடும். அதனால்தான் நிழலாக நிற்கிறது. உப்புக்கொத்திகள் தண்ணீரோரம் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்வதும் உண்டு. கெண்டிஷ் உப்புக்கொத்தியை வெப்ப நிலங்களில் ஆராய்ந்தவர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பகலில் பெரும்பாலும் பெண்ணும் இரவில் ஆணும் முறை வைத்துக் காப்பது அந்த இனத்தின் வழக்கம். ஏறத்தாழ நாலு வாரம் அடை. பொரித்த குஞ்சு ஈரம் காய்ந்ததுமே ஓடத் தொடங்கிவிடும். தாய் இரை ஊட்டுவதில்லை. தானே கொத்தித் தின்ன வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட கூட்டில் ஆய்வு செய்வது எளிதல்ல. தம்பி விளக்கினார். கூடு கண்டதும் இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்வார்கள். முட்டையை ஒரு சிறு பாத்திரத்துத் தண்ணீரில் மெல்ல இடுவார்கள். புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும், நாளானது நிமிர்ந்து நிற்கும், பொரிக்கப்போவது மேலே மிதக்கும். அதைப் பார்த்தே எப்போது பொரிக்கும் என்று சொல்லிவிடலாம். பிறகு கம்பிவலையில் செய்த, ஒரு பக்கம் குறுகிய வாயுள்ள பொறியைக் கூட்டின்மேல் வைத்துவிட்டு விலகிப்போவார்கள். முட்டையைத் தேடி உள்ளே வரும் பறவையைப் பிடித்து, காலில் வளையம் இட்டு, இறக்கையையும் கணைக்காலையும் அளந்து, இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து விட்டுவிடுவார்கள். சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பொறி வைப்பதே இல்லை. ஒரு தனி இனத்தை நிலைநாட்டுவதற்குப் பின்னால் இத்தனை பதனமான கைகள் இருக்கின்றன.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் களப்பின் குறுக்கே வந்தது. மீன்பெட்டி கட்டிய வண்டி. ஓட்டியவர் கையசைத்துவிட்டுப் போனார். அவர்மீது குற்றமில்லை, காய்ந்த தரை அவருக்குக் குறுக்குவழி. பறவை முட்டைகளை விட்டு விலகி, ஒரு இறக்கையை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடியது. நரியையும் நாயையும் ஏமாற்ற அது கற்றுவைத்திருக்கும் தந்திரம். டயருக்கு அது புரியாது. இம்முறை வண்டி தள்ளிப் போய்விட்டது.

எனக்குத் தோன்றியது இதுதான். வேடந்தாங்கலில் மரத்தில் கூடு கட்டும் கொக்கையும் நாரையையும் ஊர் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகிறார்கள். கூடு கண்ணுக்குத் தெரிகிறது. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. தரையில் கூடு வைக்கும் பறவைக்கு அந்தப் பேறு இல்லை. அதன் தொட்டிலுக்கு வருவாய்த்துறைக் கணக்கில் பெயரே தரிசு. தரிசு என்றால் எதையும் கட்டலாம், எங்கும் ஓட்டலாம், எதையும் கொட்டலாம்.

மன்னாரின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’, 103.5 மெகாவாட். இதை அடுத்து 52 காற்றாலைகளோடு 250 மெகாவாட் திட்டத்தை அதானி நிறுவனம் முன்வைத்தபோது சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2025 பிப்ரவரியில், மின்விலையை மீண்டும் பேச இலங்கை அரசு முடிவெடுத்த பின்னணியில், அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கரி எரிந்து கடல் உயர்ந்தால் இந்தக் களப்பே மிஞ்சாது. ஆனால் மதிப்பீடு செய்கிறவர்கள் மார்கழியில் வானத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடக்கூடாது. வைகாசியில் தரையையும் பார்க்க வேண்டும். சாலை போடுவதும் மண் கொட்டுவதும் இந்த மாதங்களில் நடந்தால் காற்றாலை இறக்கையில் அடிபடாமலே ஒரு இனம் அழியும்.

மாலையில் தலைமன்னார். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடிக் கப்பல் வந்து நின்ற இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் துருவேறி நிற்கின்றன. அதற்கப்பால் இராமர் பாலத்தின் மணல் திட்டுகளான தீடைகள் தொடங்குகின்றன. போர்க்காலத்தில் படகுக்காரர்கள் அகதிகளை இறக்கிவிட்டுப் போன அதே மணல் தீடைகளில் இன்று ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. 2015ல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அனுமதியில்லாமல் அங்கே போக முடியாது என்பதில் எனக்கு வருத்தமில்லை, நிம்மதிதான். தீடைகளின் பறவைகளைக் கடலும் காவலும் காக்கின்றன. சரணாலயம் என்ற பெயர் இருந்தும் களப்போரத்து உப்புக்கொத்திக்கு இரண்டும் இல்லை.

இந்தப் பறவை நம் கரையிலும் உண்டு. தனுஷ்கோடி, கோடியக்கரை, தூத்துக்குடி உப்பளம் பக்கம் வெயில் மாதங்களில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அலை தொடும் ஈர மணலில் நடங்கள், மேலே காய்ந்த தரையில் வண்டி ஓட்டாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள், மிச்சச் சோற்றை வீசிக் காகத்தைக் கூட்டாதீர்கள். ஒரு சின்னப் பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் நொண்டினால் அதைத் துரத்தாமல், வந்த காலடியிலேயே திரும்பிப் போய்விடுங்கள். பார்த்த இடத்தையும் நாளையும் பறவைப் பதிவுகளுக்கான ‘ஈபேர்ட்’ இணையதளத்தில் பதியுங்கள். கூட்டின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

(தொடரும்)